எம்.ஏ., (ஃபாரின்)

எங்கள் பக்கம் காதுகுத்துப் பத்திரிகை அடித்தால் பிள்ளையின் பெயர் எங்கேயோ ஒரு மூலையில்தான் இருக்கும். மீதி இடமெல்லாம் சொந்தக்காரர்களுக்கு. பெரியப்பன், சித்தப்பன், மாமன், மச்சான் என்று வம்சமே வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பி.ஏ., பி.எட்., பி.இ. என்று ஏதாவது தொங்கும். படிப்பு இல்லாதவர்களுக்குக்கூட 'முன்னாள் வார்டு மெம்பர்' என்றாவது ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். என் பெயர் மட்டும் இருபத்தைந்து வருஷமாக எல்லாப் பத்திரிகைகளிலும் மொட்டையாக நின்றது. பிளஸ் டூ ஃபெயில் என்று பத்திரிகையில் போட முடியாதில்லையா?

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏன் அப்படி ஒரு கேவலமான காரியத்தைச் செய்தேன் என்று யாருக்கும் விளங்காது. இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. ஸ்டோர் என்றால் சாமான் விற்கிற கடை இல்லை. பறித்துக்கொண்டு வரும் பச்சைக் காயைச் சூட்டில் போட்டு உலர்த்துகிற கட்டடம். தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி, அடியில் விறகை மூட்டி, சூடு கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அசந்தால் காயின் பச்சை போய்விடும், முதலாளி வாயில் வருவதெல்லாம் நமக்குத்தான். மற்றபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சோலி. வாரத்தில் ஆறு நாள் மலையில், ஞாயிற்றுக்கிழமை கீழே போடியில், பெண்டாட்டியோடு.

உட்கார்ந்தே இருப்பவனுக்குப் போன்தானே துணை. ஒரு மழைக்காலத்தில் பழைய கோட்டை, பழைய நாணயம் என்று எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வகுப்பு கையில் சிக்கியது. வெள்ளைத் தலை அம்மா ஒருவர், ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மெசபடோமியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இலவசம். யாரும் பார்க்கலாம், யாரும் சேரலாம், பீஸ் கிடையாது, பரீட்சை ஹாலில் உருட்டி விழிக்கிற வாத்தியார் கிடையாது. முதல் வகுப்பில் எனக்குப் புரிந்தது நாலு வார்த்தை. ஆனால் அந்த அம்மா களிமண் பலகையைக் காட்டி, அதில் ஆணி ஆணியாகக் குத்தியிருந்ததை விரலால் தடவிக்கொண்டே படித்த விதம் என்னை விடவில்லை. அடடா, செத்து நாலாயிரம் வருஷம் ஆனவன் பேசுகிறானே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போடியில் பாடங்களை இறக்கிக்கொள்வேன். மலையில் டவர் ஒழுங்காகக் கிடைக்காது. ஒரு மணி நேரப் பாடத்தை நாலு நாள் கேட்பேன். நிறுத்துவேன், திரும்ப ஓட்டுவேன், தெரியாத இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். பிளஸ் டூவில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவன் நான். பொய் சொல்லவில்லை, அந்த உழைப்பு மட்டும் நிஜம். மெசபடோமியா முடிந்து எகிப்து, எகிப்து முடிந்து கிரேக்கம், அப்புறம் ரோம். தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள் என்னை 'புரொபசர் சேட்டா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டல்தான். ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது.

என்னிடம் உண்மையாகவே பாடம் கேட்டது என் அக்கா மகள் ஒருத்திதான். அக்காவைச் சிலமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சானுக்குக் கொஞ்சம் நிலம், அதில் விவசாயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அங்கேதான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் பாப்பா வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"இந்த வாரம் யாரு மாமா செத்தா?" என்பாள்.

நானும் ராஜா, ராணி, படையெடுப்பு என்று அளந்துவிடுவேன். எகிப்தில் சில ராஜாக்கள், முன்னால் இருந்தவன் வைத்த சிலையில் அவன் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள் என்று ஒருநாள் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "வெக்கங்கெட்ட பயலுக" என்றேன் நான். என் வாயால்தான் சொன்னேன்.

போகப்போக அவளும் என் போனில் பாடங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு நாலு நாள் பிடித்தது அவளுக்கு ஒரே உட்காரலில் புரிந்தது. "அப்படி இல்ல மாமா, அந்தம்மா சொல்றது வேற" என்று எனக்கே திருத்தம் சொல்வாள். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் பி.ஏ. வரலாறு சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த விதையைப் போட்டவன் நான்தான்.

ரோம் பாடம் முடிந்தபோது போனுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. நீலக் கரை, தங்க முத்திரை, நடுவில் இங்கிலீஷில் என் பெயர். பாடத்தை முழுக்கப் பார்த்தான், கேள்விகளுக்குப் பதில் போட்டான், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அந்த வாரம் அக்கா வீட்டில் கடைசிப் பையனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தார்கள். பிந்திப் பிறந்த பிள்ளை, அதனால் மச்சான் தடபுடலாகச் செய்ய நினைத்தார். நான் சான்றிதழைக் காட்டினேன். ஏன் காட்டினேன்? காட்ட வேண்டும் போலிருந்தது, காட்டினேன்.

மச்சான் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முத்திரை எந்தப் பாஷையிலும் முத்திரைதானே.

"மாப்ளே, இது என்னது, எம்.ஏ.வா?"

"அந்த மாதிரி ஒண்ணுதான் மச்சான்" என்றேன்.

இந்த நாலு வார்த்தைதான். வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்து, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், பின்னால் கேட்டால் நழுவிக்கொள்ள வசதியாகச் சொன்னேன். அப்படி ஒரு சாமர்த்தியம்.

பிரஸ்ஸிலிருந்து பத்திரிகையின் மாதிரிப் பிரதி வாட்ஸ்அப்பில் வந்தது. தாய்மாமன் என்று போட்டு, என் பெயரைப் போட்டு, பக்கத்தில் எம்.ஏ., (ஃபாரின்). நான் அதை ஸ்டோரில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழிக்கச் சொல்ல ஒரு போன் போதும். 'ஓகே மச்சான்' என்று பதில் போட்டேன்.

காதுகுத்து அன்று சீரோடு மேளம் அடித்துச் சிலமலை பஸ் ஸ்டாப்பில் போய் இறங்கினால், அங்கே பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். அதில் நான். ஃபிளெக்ஸ் கடைக்காரன் என் தலையை மட்டும் வெட்டி, கறுப்பு அங்கியும் பட்டம் வாங்குகிற தொப்பியும் போட்ட யாரோ ஒருவன் உடம்பில் ஒட்டியிருந்தான். கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். வேறு யாருடைய படமாவது இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். என் படம் என்பதால் கொஞ்சம் தள்ளி நின்று, முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். எனக்கு மாலை போட்டார்கள். மச்சான் வந்தவர்களையெல்லாம் இழுத்துவந்து, "எங்க மாப்ள, ஃபாரின் எம்.ஏ." என்று காட்டினார். அந்த மனுஷனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

பாப்பாவும் அன்று பட்டுப் பாவாடையோடு அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தாள். ஃபிளெக்ஸைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பந்தியில் எனக்கு ரசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதமே அவளுக்கு மதுரை அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் சேர வேண்டும். திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போன் வந்தது.

"மாமா, அப்பா வேணாங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க சொன்னா அப்பா தட்ட மாட்டாரு."

"நான் பேசிக்கிறேன் ஆத்தா, நீ துணிமணிய எடுத்து வையி" என்று பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு ஜீப்பில் இறங்கினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை வேறு.

வீட்டில் மச்சான் மட்டும் இல்லை. தேவாரத்திலிருந்து அவருடைய அண்ணனும் மதினியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எடுத்த எடுப்பிலேயே, "பொம்பளப் புள்ளைய மதுரை ஹாஸ்டல்ல விட்டுப்புட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காரவா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னால் மச்சான் முந்திக்கொண்டார்.

"எதுக்குண்ணே மதுரைக்குப் போகணும்? இந்தா ஒக்காந்திருக்காருல்ல எங்க மாப்ள. மலையில ஸ்டோர்ல வேல பாத்துக்கிட்டே எம்.ஏ. முடிச்சாரு. ஒரு நாளு காலேஜ் வாசல்ல போயி நின்னிருப்பாரா? எல்லாம் இந்தப் போன்லதான். அதுவும் பைசா செலவு இல்லாம. இவளும் வீட்ல இருந்து அதையே படிக்கட்டும். என்ன மாப்ளே, நான் சொல்றது சரிதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு பாப்பா நின்றாள். 'மச்சான், அது பட்டம் இல்லை, அதை வைத்து ஒரு வேலைக்கும் விண்ணப்பம் போட முடியாது, பிள்ளையைக் காலேஜில் சேருங்கள்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அந்த அண்ணன் முன்னால், மதினி முன்னால், நான் என்ன ஆவேன் என்று ஒரு கணக்கு ஓடியது.

"வீட்ல இருந்தும் படிக்கலாம்தான் மச்சான். ஆனா காலேஜுன்னா..." என்று இழுத்தேன்.

"அம்புட்டுத்தான், ஒரே பேச்சு" என்று மச்சான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என்னுடைய 'ஆனா'வை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. பாப்பா உள்ளே போய்விட்டாள். காபி அக்கா கையால்தான் வந்தது. நான் அதைக் குடித்தேன், அது வேறு.

வியாழக்கிழமை போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பழைய போனைத் துடைத்து, பாடங்களையெல்லாம் வரிசையாக ஏற்றி, அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாப் படி ஆத்தா" என்றேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஏதோ பெரிய உதவி செய்தவன் மாதிரி நான் பஸ் ஏறினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

காய் பறிப்பு ஆரம்பித்து ஆள் பற்றாக்குறை. கீழே இருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மேலே வந்தார்கள். ஒருநாள் காலையில் எங்கள் தோட்டத்து வாசலில் நின்ற ஜீப்பிலிருந்து அக்கா இறங்கினாள். அவளுக்குப் பின்னால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காதில் வயரோடு பாப்பா. வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று அக்கா கூட்டிவந்துவிட்டாள். கூட வந்த பெண்கள், "படிக்கிற புள்ள கூடையத் தூக்கிட்டு வருது பாருங்க" என்று சிரித்தார்கள். வஞ்சகமில்லாத சிரிப்புதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஸ்டோருக்கு வந்தாள். காலையிலிருந்து செடியடியில் குந்தி உட்கார்ந்து சரத்திலிருந்து காய் பறித்ததில் விரலெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது.

"கிரேக்கம் முடிஞ்சிருச்சு மாமா. ரோம் ஓடிக்கிட்டு இருக்கு."

"வெரசா முடிச்சிட்டியே" என்றேன்.

"ஒரு சந்தேகம். அந்த ஊர்ல அடிமைகளுக்கும் எழுதப் படிக்கத் தெரிஞ்சிருந்துச்சுங்கிறாங்க. படிச்சவன் எப்பிடி மாமா அடிமையா இருப்பான்? ஓடிப் போக மாட்டானா?"

அந்த இடத்தை நான் நாலு தடவை கேட்டிருக்கிறேன், ஒருதடவைகூட அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

"வீடியோல அந்தம்மாவச் சுத்தி உக்காந்திருக்கிற பிள்ளைக கையத் தூக்கிக் கேக்குதுக. அந்தம்மாவும் நின்னு பதில் சொல்லுது. நான் யார்ட்ட மாமா கேக்குறது?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டாள். கேட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று தட்டில் இருந்த காய் பாதி வெளுத்துவிட்டது. முதலாளி திட்டினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ச்சீ, நீயெல்லாம் ஒரு தாய்மாமனா என்று எனக்குள் நானே திட்டிக்கொண்டதற்கு முன்னால் அவர் திட்டினது ஒன்றுமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிலமலைக்குப் போனேன். மச்சான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை.

"மச்சான், நான் எம்.ஏ. கிடையாது. அது டிகிரியே இல்ல. யாரு வேணா பாத்துட்டு வாங்கிக்கிடலாம். பாப்பாவ நீங்க காலேஜுக்குத்தான் அனுப்பணும்."

மச்சான் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண் கலங்கினார்.

"எனக்குத் தெரியாதா மாப்ளே? புள்ள ஒங்ககிட்ட வந்து அழுதிருப்பா. அவ படிக்கணும்கிறதுக்காக ஒங்க படிப்பையே இல்லேங்கிறீங்க. ஏய், இங்க வாடி, ஒந்தம்பி பேசுறதக் கேளு. தாய்மாமன்னா இவருல்ல தாய்மாமன்!"

"எந்தம்பி மனசு யாருக்கு வரும்" என்று அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அட கடவுளே! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய்யை ஒரே நொடியில் நம்பின மனுஷன், நிஜத்தைச் சொன்னால் அதற்கும் எனக்கு மாலை போடப் பார்க்கிறாரே. "யோவ் மச்சான், நான் பிளஸ் டூவே ஃபெயிலுய்யா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதும் மச்சான் நம்பவில்லை. "கோவப்படாதீங்க, காபியக் குடிங்க" என்றார்.

திரும்பி பஸ் பிடித்துப் போடிக்கு வந்தேன். பீரோவின் அடித்தட்டில் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதுக்கெல்லாம் அடியில் என் மார்க் சீட் இருந்தது. என் பெண்டாட்டிகூட அதைப் பார்த்ததில்லை. எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மறுபடி சிலமலை. பாப்பாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"சத்தமாப் படி ஆத்தா. அப்பாவுக்குக் கேக்கணும்."

அவள் தயங்கினாள். "வேணாம் மாமா" என்றாள். படி என்று அதட்டினேன்.

"தமிழ் தொண்ணூத்தி எட்டு. இங்கிலீஷ் நாப்பத்தி ரெண்டு."

"நூத்துக்கா?" என்றார் மச்சான்.

"இருநூத்துக்குப்பா" என்றாள் அவள்.

பொருளாதாரம் முப்பத்தொன்று. அதையும் படித்தாள். கடைசியில் போட்டிருந்த முடிவையும் படித்தாள். மச்சான் அந்தக் காகிதத்தை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த பதினேழு வயது முகம் நான்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஃபிளெக்ஸு வச்சது, ஊரு பூரா சொன்னது, அதெல்லாம் போயிட்டுப் போகுது மாப்ளே" என்றார். "நீங்க படிக்கலேன்னா எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல. எம் புள்ளைக்குக் கெடச்ச எடம் போச்சே. அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா மார்க் சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வர்ற வருசம் போடு ஆத்தா, எங்க கெடைச்சாலும் போ. ஹாஸ்டலுன்னாலும் சரி" என்று மகளிடம் சொல்லிவிட்டு மச்சான் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வர்ற வருஷம் கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்?

பஸ் ஸ்டாப் வரைக்கும் பாப்பா கூட வந்தாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"என்னய மன்னிச்சிரு ஆத்தா. ஒன்ன ஏமாத்திட்டேன்" என்றேன்.

"நீங்க என்னய ஏமாத்தல மாமா" என்றாள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பத்திரிகை அடிக்கறதுக்கு முந்தியே தெரியும். நீங்க அப்பாட்டக் காட்டினீங்கள்ல, அப்புறம் நானும் ஒங்க போன வாங்கிப் பாத்தேன். அடியில பொடி எழுத்துல போட்டிருந்துச்சு, இது பட்டம் இல்லன்னு."

எனக்குக் கால் நின்றுவிட்டது. "அப்புறம் ஏன்டி அன்னைக்கே சொல்லல? பெரியப்பா எல்லாம் ஒக்காந்திருந்தப்பச் சொல்லிருந்தா ஒனக்கு எடம் போயிருக்காதே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்தன பேரு முன்னாடி நான் எப்பிடி மாமா சொல்றது? ஒங்களுக்கு அசிங்கமாப் போயிருமில்ல" என்றாள்.

பஸ் வந்து நின்றது. அவள்தான் கையைக் காட்டி நிறுத்தியிருந்தாள். ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை எந்த ஊர் என்று கேட்டார். காசு எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டால் மார்க் சீட்டுதான் வந்தது.